மைதோ இறக்கத்துக்குப் பின்பக்க ஏர் ஷாக்: எதைப் பார்த்து வாங்குவது?

கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் உதவும். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் சேன்-போல் பக்கம் இருக்கிறீர்கள். எடை 84 கிலோ, பின்பக்கம் 150 மி.மீ. அசைவுள்ள, 29 அங்குலச் சக்கர மலை சைக்கிள் (மவுண்டன் பைக்). பைக்கோடு வந்தது தனி எண்ணெய்க் குப்பி இல்லாத சின்ன ஏர் ஷாக் (காற்று நிரப்பிய அதிர்வுத் தாங்கி), அளவு 210க்கு 55, காற்று 200 பி.எஸ்.ஐ. மைதோ முகட்டிலிருந்து இறங்கும்போது ஆரம்பத்தில் நன்றாக இருக்கிறது, பாதி வழியில் பெத்தீத் பிரான்ஸ் ஊர் வருவதற்குள் பின்சக்கரம் உதைக்க ஆரம்பிக்கிறது, கீழே வரும்போது கை மரத்துப்போகிறது. "ஃபாக்ஸா, ராக்‌ஷாக்ஸா, இல்லை காயிலுக்கே (இரும்புச் சுருள் ஸ்பிரிங் ஷாக்) போய்விடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டது பிராண்ட். ஆனால் உங்கள் விவரத்தைப் படித்தால் எனக்குத் தெரிகிற கேள்வி இதுதான்: மேலே ஒழுங்காக வேலை செய்த அதே ஷாக், பாதி வழியில் ஏன் வேறு ஷாக் மாதிரி நடந்துகொள்கிறது? பணம் கொடுத்தால் அது தீருமா? நான் புதுச்சேரிக்காரன், இங்கே ரீயூனியனின் மேற்குக் கரையில் ஒரு சைக்கிள் பட்டறையில் பல வருஷமாக ஃபோர்க், ஷாக் பிரித்து சர்வீஸ் செய்கிறேன். பந்தயம் ஓட்டுகிறவன் இல்லை. அதனால் எது வேகமானது என்பதை விட, எது எப்படிச் சூடாகிறது, எது எப்படிக் கெட்டுப்போகிறது என்பதைத்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் கேள்விக்கு அதுதான் தேவையும்.

ஷாக்குக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. காற்று அறை ஸ்பிரிங் வேலை பார்க்கிறது, அதாவது அமுங்கித் திரும்பத் தள்ளுகிறது. டாம்பர் என்கிற எண்ணெய்ப் பகுதி அந்த அசைவைக் கட்டுப்படுத்துகிறது. சின்னத் துளைகள், மெல்லிய தகடுகள் வழியாக எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகும்போது அடி வாங்கிய சக்தி சூடாக மாறுகிறது. நீங்களும் பைக்கும் சேர்ந்து சுமார் 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதோ முகடு ஏறத்தாழ 2200 மீட்டர் உயரம். அங்கிருந்து கடல் மட்டத்துக்கு வந்தால் சுமார் 20 லட்சம் ஜூல் சக்தி எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். பெரும்பகுதி பிரேக்குக்கும் காற்றுக்கும் டயருக்கும் போய்விடும். ஷாக்குக்கு வருவது சின்னப் பங்குதான், ஆனால் அதை வாங்கிக்கொள்ள உங்கள் ஷாக்கில் இருக்கிற எண்ணெய் கொஞ்சமே கொஞ்சம். போதாததற்கு ஏர் ஷாக்கில் டாம்பரைச் சுற்றியே காற்று அறை இருக்கிறது. உள்ளே பிறந்த சூடு வெளியே வர அதுவே தடை.

சூடானால் இரண்டு விஷயங்கள் நடக்கும், இரண்டும் ஒரே பக்கம் தள்ளும். எண்ணெய் இளகுவதால் ரிபவுண்ட், அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப எழும்புவதன் கட்டுப்பாடு, தளர்ந்து ஷாக் வேகமாகத் திரும்புகிறது. காற்று சூடாவதால் அழுத்தம் ஏறி ஸ்பிரிங் இறுகுகிறது. கணக்கைப் பாருங்கள்: கடற்கரையில் 26 டிகிரியில் 200 பி.எஸ்.ஐ. அடித்தீர்கள். குளிர்காலக் காலையில் மைதோவில் 8 டிகிரி என்றால், அங்கே ஷாக் பம்ப் ஏறக்குறைய 190 காட்டும். இறங்கும் வழியில் காற்று அறை 60 டிகிரிக்குப் போனது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் அதே காற்று 225ஐத் தொடும். ஒரே இறக்கத்தில் 190லிருந்து 225. வீட்டு வாசலில் இரண்டு பி.எஸ்.ஐ. கூடவா குறையவா என்று நாம் அடித்துக்கொள்வதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. உயரத்தால் வளிமண்டல அழுத்தம் குறைவதைப் பலர் பெரிதாகச் சொல்வார்கள். முகட்டில் அது கடல் மட்டத்தை விட மூன்று, மூன்றரை பி.எஸ்.ஐ.தான் குறைவு, அதை மறந்துவிடலாம். விளையாடுவது வெப்பநிலைதான்.

ஸ்பிரிங் இறுகி, ரிபவுண்டும் தளர்ந்தால் பின்சக்கரம் கல்லில் பட்டதும் உதைக்கும். நீங்கள் சொல்கிற அறிகுறியும் அதுவே. இதுவரை சொன்னதில் சந்தேகம் இல்லை, எல்லா ஏர் ஷாக்கிலும் ஏதோ ஓர் அளவுக்கு இது நடக்கும். சந்தேகம் இனிமேல்தான்: உங்கள் பைக்கில் நடப்பது முழுக்க இந்தச் சூட்டால்தானா? கை மரத்துப்போவதற்கு முன்பக்க ஃபோர்க், டயர் காற்று, பிரேக் லிவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வருவது என்று வேறு காரணங்களும் உண்டு. உடம்பு களைத்த பிறகு முழங்கால் மடங்க மறுக்கும், அப்போது நல்ல ஷாக்கும் மோசமாகத் தோன்றும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். முகட்டில் கிளம்பும் முன் பைக்கைச் சமதரையில் நிறுத்தி, சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து உடம்பு எடையோடு அமுக்கிச் சட்டென்று விடுங்கள். எவ்வளவு வேகமாக எழும்புகிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்தால் போனில் படம் எடுங்கள். தமரேன் காட்டைத் தாண்டி, உதைக்க ஆரம்பித்ததும் நிறுத்தி அதையே திரும்பச் செய்யுங்கள். விரலின் பின்பக்கத்தால் ஷாக் உடம்பைத் தொட்டுப் பாருங்கள், பார்த்து, சுடும். சீட் முன்னை விட வேகமாக எழும்பினால் டாம்பர் தளர்ந்துவிட்டது. அங்கேயே ரிபவுண்ட் திருகை இரண்டு கிளிக் மெதுவாக்கி மீதி வழியை ஓட்டுங்கள். உதைப்பு அடங்கினால் குற்றவாளி ஷாக்தான். ஒரு மாற்றமும் இல்லை என்றால் டயரையும் ஃபோர்க்கையும் விசாரியுங்கள்.

அமுக்கும்போது காதையும் கொடுங்கள். சளக் சளக் என்று உறிஞ்சுகிற சத்தம் வந்தால் எண்ணெயில் காற்று கலந்திருக்கலாம். டாம்பருக்குள் ஒரு மிதக்கும் பிஸ்டன் உண்டு. அதன் ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் அழுத்தம் கொடுத்த நைட்ரஜன். அந்த அழுத்தம் குறைந்தாலோ சீல் தேய்ந்தாலோ எண்ணெய் நுரைக்கும், நுரையால் எதையும் கட்டுப்படுத்த முடியாது. அப்படிப்பட்ட ஷாக்கைப் பட்டறையில் திறந்தால் எண்ணெய் ஆற்றிய டீ மாதிரி மேலே நுரை கட்டி வரும். புதிதாக நல்லதாக இருந்தாலே நாலைந்து கிலோமீட்டர் தாக்குப்பிடிக்கிற சின்ன ஷாக், இந்த நிலையில் ஒரு கிலோமீட்டரில் கையை விரித்துவிடும். ராக்‌ஷாக்ஸ் பொதுவாகக் காற்று அறையை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறையும் டாம்பரை 200 மணி நேரத்துக்கு ஒருமுறையும் சர்வீஸ் செய்யச் சொல்கிறது. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஒரு வருஷம் என்கிறது. மைதோ மாதிரி இறக்கத்திலேயே ஓட்டுகிறவர்கள் அதற்கும் முன்னால் செய்வது நல்லது. வாங்கி எத்தனை வருஷம், எப்போது சர்வீஸ் செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாதவர்கள் பெரும்பாலும் செய்யாதவர்கள் என்பது என் அனுபவம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முழு சர்வீஸ், புது ஷாக் விலையில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் ஆகும். அதைச் செய்து ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஷாக் அமுங்கியபடியே நின்று, எழும்ப மறுத்தால் வீட்டில் திறக்கவே திறக்காதீர்கள். காற்று எதிர் அறையில் (ஸ்பிரிங் காற்றுக்கு எதிர்ப்பக்கம் தள்ளும் சின்ன அறை) மாட்டிக்கொண்டிருக்கும், மூடியைத் திருகினால் அது குண்டு மாதிரி பறக்கும்.

சரி, சர்வீஸ் செய்தும் அதே கதை என்றால் மாற்ற வேண்டியதுதான். முதல் விதி அளவு. 210 என்பது இரண்டு போல்ட் துளைகளுக்கும் நடுவே உள்ள நீளம், 55 என்பது ஷாக் அமுங்கும் தூரம். இரண்டும் அப்படியே இருக்க வேண்டும். "60 போட்டால் பத்துப் பதினைந்து மி.மீ. கூடக் கிடைக்கும்" என்று யாராவது ஆசை காட்டுவார்கள். சில ஃபிரேமில் நடக்கும், சிலவற்றில் முழுதாக அமுங்கும்போது டயர் சீட் குழாயில் போய் இடிக்கும். ஃபிரேம் தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லாமல் அதைச் செய்யாதீர்கள். போல்ட் பக்கம் போடுகிற புஷ், ஸ்பேசர் அகலமும் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு, பழைய ஷாக்கில் அளந்து கூடவே வாங்குங்கள்.

இரண்டாவது, தனிக் குப்பி. ஆங்கிலத்தில் பிக்கிபேக் என்பார்கள், ஷாக்கின் முதுகில் இன்னொரு சின்ன உருளை. உங்கள் தேவைக்கு இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எண்ணெய் கூடுதல், அதனால் சூடாக நேரமாகிறது. மிதக்கும் பிஸ்டன் குப்பிக்குள் போய்விடுவதால் டாம்பருக்குள் இடம் கிடைக்கிறது. குப்பி காற்று அறைக்கு வெளியே இருப்பதால் ஓடும் காற்று படுகிறது. சூடு வராமல் போகாது, தள்ளிப்போகும். எந்த நிறுவனமாவது தங்கள் ஏர் ஷாக் சூட்டால் மாறவே மாறாது என்று விளம்பரம் எழுதினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

குப்பி வைத்ததிலும் இரண்டு ஜாதி. ஃபாக்ஸ் ஃப்ளோட் எக்ஸ், ராக்‌ஷாக்ஸ் சூப்பர் டீலக்ஸ் இரண்டும் ஒற்றைக் குழாய்: எண்ணெய் முக்கியமாகப் பிஸ்டன் வழியாகவே போய் வரும். ஓலின்ஸ் டிடிஎக்ஸ் ஏர், கேன் கிரீக் டிபி ஏர் இரட்டைக் குழாய்: எண்ணெய் உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே வால்வுகள் வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுவதால் சூடு ஒரே இடத்தில் தேங்காது, வெளியே இருந்தே அதிகம் திருகிச் சரிசெய்யலாம். ஆனால் திருகு அதிகம் என்றால் தப்பாகத் திருகவும் வழி அதிகம். நாலு திருகையும் கண்டபடி திருப்பிவிட்டு "ஷாக் சரியில்லை" என்று கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர். டிவிஓ டோபாஸ் மிதக்கும் பிஸ்டனுக்குப் பதிலாக ரப்பர் பை வைத்தது, சின்னக் கற்களில் மென்மையாக இருக்கும். உங்களுக்கு நான் சொல்வது ஒற்றைக் குழாய், தனிக் குப்பி, ரிபவுண்ட் திருகு, குறைவேகக் கம்ப்ரெஷன் (மெதுவாக அமுங்குவதைக் கட்டுப்படுத்தும்) திருகு. இது போதும். அமுக்கத்தின் கடைசியில் எண்ணெயாலேயே தடுக்கும் வசதி சில மாடல்களில் வருகிறது. கிடைத்தால் நல்லது, ஏனென்றால் அடியில் தட்டக்கூடாது என்பதற்காகக் காற்றைக் கூட்ட வேண்டியிருக்காது. காற்றைக் குறைவாக வைக்க முடிகிற ஒவ்வொரு வசதியும் உங்களுக்கு லாபம்.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஒரே பெயர் போட்ட இரண்டு ஷாக் உள்ளே ஒன்றாக இருக்காது. பைக் கம்பெனிக்கு ஏற்றபடி உள்தகடுகளின் அடுக்கை மாற்றித்தான் கொடுக்கிறார்கள், இதைத்தான் டியூன் என்பார்கள். வேறு பைக்கிலிருந்து கழற்றிய 'புத்தம் புது' ஷாக் பாதி விலைக்கு இணையத்தில் வரும், அளவும் பொருந்தும். ஆனால் அந்த டாம்பர் உங்கள் பைக்குக்கும் 84 கிலோவுக்கும் மிக இளக்கமாகவோ இறுக்கமாகவோ இருக்கலாம். உங்கள் பைக்கில் 150 மி.மீ. அசைவை 55 மி.மீ. ஷாக் தாங்குகிறது, அதாவது சுமார் 2.7 மடங்கு நெம்புகோல். இது கொஞ்சம் அதிகம்தான், அதனால்தான் 200 பி.எஸ்.ஐ. கேட்கிறது. இப்படிப்பட்ட பைக்குக்கு ரிபவுண்ட் பலமாக இருக்க வேண்டும். கடைக்காரரிடம் "ரிபவுண்ட் டியூன் என்ன?" என்று கேளுங்கள். முழிப்பவரிடம் வாங்காதீர்கள்.

இடம் இருக்கிறதா என்பதை வாங்கும் முன் பாருங்கள். பழைய ஷாக்கில் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, பின்சக்கரத்தைத் தூக்கி ஷாக்கை அடிவரை அமுக்குங்கள். குப்பி வரப்போகும் இடத்தில் அட்டையால் அதே அளவு உருளை செய்து வைத்துப் பாருங்கள். தண்ணீர் பாட்டில் கூண்டும், பின்சக்கரத்தின் அசைவை ஷாக்குக்குக் கொண்டுவரும் லிங்க் கையும்தான் வழக்கமாக இடிக்கும். குப்பியை மேலே பார்த்தும் கீழே பார்த்தும் மாட்ட முடிகிற ஃபிரேம்கள் உண்டு, இரண்டையும் முயன்று பாருங்கள்.

காயில் பற்றிக் கேட்டீர்கள். இரும்பு ஸ்பிரிங் சூட்டால் இறுகாது, டாம்பரும் வெளிக்காற்றில் இருக்கிறது. ஜீப்பில் ஏறி இறக்கம் மட்டும் ஓட்டுகிறவராக இருந்தால் நானே காயில் என்றுதான் சொல்வேன். ஆனால் காயில் ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே சீராக இறுகுவது. கடைசியில் தானாக இறுகுகிற குணத்தை ஃபிரேம் கொடுக்க வேண்டும். நெம்புகோல் விகிதம் அசைவின் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை 20 சதவீதமாவது குறைகிற ஃபிரேமில்தான் காயில் நிம்மதி. உங்கள் ஃபிரேமின் பெயர் தெரியாமல் நான் 'ஆம்' என்று சொல்ல முடியாது. எடையும் முந்நூறு, நானூறு கிராம் கூடும், ஞாயிற்றுக்கிழமை பெடல் மிதித்தே ஏறுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அது உங்கள் கால் பாடு.

அப்புறம் நம் தீவுச் சங்கதி. பிரான்சிலிருந்து இணையத்தில் வாங்கினால் அங்கே காட்டும் விலை இங்கே வந்து சேரும் விலை இல்லை. 8.5 சதவீத மதிப்புக்கூட்டு வரி, அதற்கு மேல் ஒக்துருவா தே மேர் என்கிற தீவு இறக்குமதி வரி, தபால் கூலி எல்லாம் சேர்த்துப் பாருங்கள். பல சமயம் உள்ளூர்க் கடை விலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதை விட முக்கியம் உதிரிபாகம். சீல் கிட் இங்கே அலமாரியில் இருக்கிற ஷாக் வாங்குங்கள். எவ்வளவு உசத்தியான ஷாக்காக இருந்தாலும் ஒரு ரப்பர் வளையத்துக்காக வாரக்கணக்கில் பைக்கைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பது பிரயோஜனமில்லை. என் கணக்கில் இதற்காகவே ஃபாக்ஸும் ராக்‌ஷாக்ஸும் முன்னால் நிற்கின்றன, ஓட்டத்தில் மற்றவை குறைந்தவை என்பதால் இல்லை. இங்குள்ள எரிமலைக் கல்லும் மணலும் அரம் மாதிரி தேய்க்கிறவை. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ஷாக் தண்டை ஈரத்துணியால் துடைத்து, நகத்தை அதன்மேல் ஓடவிட்டுக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். நகம் மாட்டினால் சீல் போகப்போகிறது என்று அர்த்தம். அழுத்தத் தண்ணீர்க் குழாயை சீல் பக்கம் காட்டாதீர்கள்.

புது ஷாக் வந்ததும் சேக், அதாவது நீங்கள் ஏறி நின்றால் ஷாக் அமுங்கும் அளவு, 55 மி.மீட்டரில் 16 வருகிற மாதிரி வையுங்கள். 50 பி.எஸ்.ஐ.க்கு ஒருமுறை நிறுத்தி பத்துப் பதினைந்து தடவை மெதுவாக அமுக்கினால்தான் எதிர் அறையிலும் காற்று நிரம்பும். அதைச் செய்யாவிட்டால் பம்ப் காட்டும் எண் பொய். நீள இறக்கத்துக்குப் போகும் நாளில் முகட்டில் அந்தக் குளிரில் 16ஐத் துல்லியமாகப் பிடிக்க மெனக்கெட வேண்டாம். அங்கே 17, 18 வந்தாலும் விட்டுவிடுங்கள், சூடானதும் அது 15, 16க்கு வந்துவிடும். ரிபவுண்டை வாசலில் பிடித்ததை விட ஒன்றிரண்டு கிளிக் மெதுவாக வைத்துக் கிளம்புங்கள். முதல் சில நிமிஷம் சோம்பலாகத் தெரியும், பிறகு சரியாகும். இதை இப்போது இருக்கிற சின்ன ஷாக்கிலேயே இந்த ஞாயிறு செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

பைக்கின் பெயர், மாடல் ஆண்டு, ஷாக்கின் மேல் ஒட்டியிருக்கும் சின்னக் குறியீட்டின் படம், கடைசி சர்வீஸ் எப்போது, இந்த நாலையும் இதன் கீழேயே போடுங்கள். காயில் ஒத்துவருமா, எந்த ரிபவுண்ட் டியூன் கேட்க வேண்டும் என்று அதைப் பார்த்து எழுதுகிறேன்.